முப்பத்தொன்று சிவப்பு, முப்பத்திரண்டு பச்சை

வசந்தகுமாரி கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் சாயங்காலம் தலைவலியோடுதான் ரயில் ஏறினாள்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆவடி பஜாரில் ஒரு பிளவுஸ் மேட்சிங் கடையில் இருந்தவள். புடவையோடு வருகிறவர்களுக்கு அதே நிறத்தில் பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கும் வேலை. அலமாரியில் முந்நூறு சுருள் அடுக்கியிருக்கும். புடவையை ஒருமுறை பார்ப்பாள், திரும்புவாள், ஒரே இழுப்பில் சரியான சுருள் கையில் வந்துவிடும். நின்று நின்று முட்டி தேய்ந்துபோனதாக டாக்டர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து செய்கிற வேலை தேடினாள். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். முப்பத்தொன்பது வயதில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

பழைய தொழிற்சாலைகளின் காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து சேமித்துத் தருவது அந்த அலுவலகத்தின் தொழில். ஸ்கேன் ஆன ஒவ்வொரு வரைபடமும் ஒரு ஃபைலாக சர்வரில் வந்து விழும். வசந்தகுமாரியும் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஜெபாவும் அதை ஒவ்வொன்றாகத் திறந்து, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு சின்ன கட்டளை அடித்து அடையாளம் வைக்க வேண்டும். இதற்கென்று ஆளுக்கு இரண்டு திரை. ஒன்றில் வரைபடம். இன்னொன்று வெறும் கறுப்புத் திரை. அதில் எல்.எஸ். என்று இரண்டு எழுத்து அடித்தால் ஃபைல்களின் பெயர்கள் பட்டியலாக வரும். பார்க்காதவை சிவப்பு. பார்த்து முடித்தவை பச்சை. ஃபோல்டர்கள் நீலம்.

அந்த நீலம்தான் தலைவலிக்குக் காரணம். கறுப்பின் மேல் கருநீலம். ஃபோல்டர் பெயரைப் படிக்க வசந்தகுமாரி திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிய வேண்டியிருந்தது.

பத்தாவது நாள் காலையில் அவள் ஜெபாவிடம் கேட்டாள். "யாரு ஜெபா இந்த கலரெல்லாம் எடுத்தது? கறுப்பு பாடில கருநீல எழுத்து. இந்த மாதிரி புடவை வந்தா கடைல நாங்க மடிச்சிக்கூட வெக்க மாட்டோம்."

ஜெபா தூத்துக்குடிக்காரி. "அது கம்ப்யூட்டர்லயே வாரதுக்கா. நாம என்ன செய்ய? வேணும்னா ஸ்ரீராம்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள்.

ஸ்ரீராம் அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன். இருபத்தொன்பது வயது. கும்பகோணத்துக்காரன். கொரட்டூரில் இரண்டு நண்பர்களோடு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தான். கேட்டதைச் செய்துகொடுக்கிற பையன்தான். ஆனால் மூன்று நாளாக முகம் சரியில்லை. வசந்தகுமாரி தயங்கித்தான் போனாள். கம்ப்யூட்டர் ஆட்கள் நடுவில் தான் ஒரு துணிக்கடைக்காரி என்கிற கூச்சம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த கலரை மாத்த முடியுமா? கண்ணு ரொம்ப எரியுது."

ஸ்ரீராம் நிமிர்ந்து பார்த்தான். "தாராளமா மாத்தலாம்க்கா. இதுவரைக்கும் யாருமே கேக்கலை" என்று சொல்லி எழுந்து வந்து அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏதோ கட்டளை அடித்தான். நீளமான ஒரு பட்டியல் திரையில் ஓடி நின்றது.

"எந்த மாதிரி ஃபைலுக்கு எந்த கலர்னு இதுலதான் எழுதியிருக்கு. எல்லாமே நம்பர்தான். முப்பத்தொண்ணு சிவப்பு, முப்பத்திரண்டு பச்சை, முப்பத்தி நாலு நீலம். இந்த நம்பரை மாத்தி சேவ் பண்ணா எல்.எஸ். அடிக்கும்போது புது கலர்ல வரும். அவ்வளவுதான்."

"மொத்தம் எத்தினி கலர் கீது?"

"இருநூத்தி அம்பத்தாறு."

அவன் இன்னொரு கட்டளை அடித்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம், அதற்குள் ஒரு எண். வசந்தகுமாரி முட்டிவலியை மறந்து நேராக நின்றாள். பத்து நாளாகப் பயமுறுத்திக்கொண்டிருந்த கறுப்புத் திரைக்குள் அவளுடைய கடை அலமாரி அப்படியே இருந்தது.

"ஐயோ, மயில்கழுத்து கீது பாரு ஜெபா. வெங்காயத் தோல் கீது. ராமர் பச்சை. கீழ பாரு, யானை கலர் மட்டும் இருவது தினுசு கீது."

ஜெபாவும் எழுந்து வந்துவிட்டாள். ஸ்ரீராமுக்கே சிரிப்பு வந்தது. "நீங்க கலர் சொல்லுங்கக்கா, நான் நம்பர் போடறேன்" என்றான். அதுதான் வசதி. அவளுடைய கண்ணாடிக்குக் கட்டங்களுக்குள் இருந்த பொடி எண்கள் தெரியவில்லை.

"முடிஞ்ச ஃபைலுக்கு நல்ல கிளிப்பச்சை போடுங்க. பளிச்சினு."

ஸ்ரீராம் கட்டங்களை மேலும் கீழும் பார்த்தான். ஒரு எண்ணை எடுத்து எழுதினான். சேமித்துவிட்டு எல்.எஸ். அடித்தான். முடிந்த ஃபைல்கள் அத்தனையும் ஆரஞ்சுப்பழ நிறத்தில் வந்து நின்றன.

ஜெபா கைகொட்டிச் சிரித்தாள். "கிளிக்கு என்ன ஆச்சு, வெயில்ல காஞ்சிட்டா?"

"ஏன், சரியாத்தானே இருக்கு?" என்றான் ஸ்ரீராம்.

விளையாடுகிறான் என்றுதான் வசந்தகுமாரி முதலில் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. "அது இருக்கட்டும் தம்பி. பார்க்காத ஃபைலுக்கு அரக்கு போடுங்க" என்றாள். அரக்கு என்றால் என்ன என்று கேட்டான். பட்டுப்புடவையில் வருமே, அடர்த்தியான சிவப்பு என்றாள். அவன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டான். அது கரும்பச்சை.

வசந்தகுமாரிக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு ஒரு வாத்தியார் வருவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மனைவியின் புடவையைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார். பச்சைப் புடவைக்குச் செங்கல் நிறத் துணியைக் காட்டி, "இது சரியா இருக்கும்மா, கொடு" என்பார். அவருக்குப் பிறவியிலேயே அப்படி என்று பிறகு அவர் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கடையில் இருந்த பதினோரு வருஷத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேரை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாரும் ஆண்கள். பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

"ஜெபா, மூணு டீ சொல்லிட்டு வாயேன்" என்றாள். ஜெபா படி இறங்கும் வரை காத்திருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். முடிஞ்ச ஃபைல், முடியாத ஃபைல், நீங்க எப்டி கண்டுபிடிப்பீங்க? கலரை வெச்சா?"

"இல்லக்கா. நான் எப்பவும் பெரிய லிஸ்ட் போட்டுப் பார்ப்பேன். வரிசை ஆரம்பத்துல எக்ஸ்னு ஒரு எழுத்து வரும். எக்ஸ் இருந்தா முடிஞ்சது."

"ஏன், கலரே சொல்லுதே?"

அவன் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு போலத் தெரியுதுனு நினைக்கிறேன். நெறைய பேருக்கு உண்டு. நோவெல்லாம் இல்ல அது."

ஸ்ரீராமின் முகம் இறுகியது. "எனக்கு கலர் தெரியும்க்கா. தினமும் பைக்ல வர்றேன். சிக்னல்ல சிவப்பு வந்தா நிக்கறேன், பச்சை வந்தா போறேன்."

"மேல எரிஞ்சா நிக்கிறீங்க. கீழ எரிஞ்சா போறீங்க" என்றாள் வசந்தகுமாரி மெதுவாக.

அவன் எழுந்து விறுவிறுவென்று சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வசந்தகுமாரி காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலைக்கு வந்து பத்து நாள்கூட முழுசாக ஆகவில்லை, சர்வர்காரனையே கோபப்படுத்தியாயிற்று. டீ வந்து ஆறியது. ஜெபா என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஸ்ரீராம் வெளியே வந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சர்வர்ல ஒரு லைட் இருக்கு. நல்லா இருந்தா பச்சை, கோளாறுன்னா ஆரஞ்சுன்னு அதோட புத்தகத்துல போட்டிருக்கு. நாலு வருஷமா அதை நான் பார்த்ததே இல்லை, தெரியுமா? உள்ள லாகின் பண்ணித்தான் செக் பண்ணுவேன். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சதில்ல." ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். "நெட்வொர்க் கேபிள் இருக்கே, அதுக்குள்ள எட்டு கலர் ஒயர். நான் முனை போட்ட கேபிள் ஒண்ணுகூட வேலை செய்யாது. என் கை ராசி அப்படின்னு அந்த வேலையை எப்பவும் வினோத்கிட்ட தள்ளிடுவேன்."

வினோத் இரண்டாம் ஷிஃப்டுக்கு வருகிறவன். ஜெபாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்ரீராம் நிறுத்தவில்லை.

"ஸ்கூல்ல நான் கிரிக்கெட் டீம்ல இருந்தேன்க்கா. பௌண்டரி பக்கம் நிக்க வெப்பாங்க. பால் புல்லுக்குள்ள போயிட்டா எனக்குக் கிடைக்காது. சிவப்புப் பந்து, பச்சைப் புல். எல்லாரும் கத்துவாங்க, உன் காலடியில கிடக்குடான்னு. எனக்குத் தெரியாது. பி.டி. வாத்தியார் சோம்பேறின்னு சொல்லி டீமை விட்டு எடுத்துட்டார். பதினஞ்சு வருஷமா நானும் சோம்பேறின்னே நினைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்." அவன் சத்தமாகச் சிரித்தான். "நான் சோம்பேறியே இல்லை."

அந்தச் சத்தத்தில் மேற்பார்வையாளர் ராதிகா தன் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். என்ன கூட்டம் என்று கேட்டார். கலர் மாத்தறோம் மேடம் என்றாள் ஜெபா. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது வசந்தகுமாரி வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடையில் சில வாடிக்கையாளர்களிடம் செய்வதையே செய்தாள். இரண்டு இரண்டு கட்டமாகக் காட்டி, "இதுவும் இதுவும் ஒண்ணா, வேறயா?" என்று ஸ்ரீராமிடம் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். பச்சையும் சிவப்பும் பழுப்பும் அவனுக்கு ஒரே குடும்பம். மஞ்சளும் நீலமும் மட்டும் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தனித்தனி.

"அப்போ பார்க்காத ஃபைல் மாம்பழ மஞ்சள். முடிஞ்சது ஆனந்தா புளூ."

"முடிஞ்சா பச்சைன்னுதானக்கா ஊரே சொல்லுது" என்றாள் ஜெபா.

"ஊர்ல ஒருத்தருக்கு அது தெரியலனா, தெரியிற கலரைப் போடுவோம். நமக்கு இன்னா நஷ்டம்?"

நீலம் முடிந்த ஃபைலுக்குப் போய்விட்டதால் ஃபோல்டருக்கு வேறு நிறம் வேண்டும். வெள்ளை போடலாம் என்றான் ஸ்ரீராம். வெறும் வெள்ளை எடுப்பாக இல்லை என்று அவளுக்குப் பட்டது. "கீழ ஒரு கரை வெக்க முடியுமா?" என்று கேட்டாள். அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் துள்ளிக் குதிக்காத குறை. எண்ணுக்கு முன்னால் ஒரு நாலைச் சேர்த்தான். ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் கீழே மெல்லிய கோடு வந்தது. வெள்ளைப் புடவைக்குக் கரை போட்ட மாதிரியே இருந்தது. பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சி, இருந்த இடத்தை விட்டுக் காணாமல் போன ஃபைல்களின் பெயரை, ஏழு என்ற எண்ணைச் சேர்த்து, எழுத்தும் பின்னணியும் தலைகீழாக மாறும்படி செய்தான். இது எந்தக் கண்ணுக்கும் தப்பாது.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. கடைசியாக ஸ்ரீராம் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "எல்லா மெஷினுக்கும் போற மாதிரி சர்வர்ல இதை வெக்கணும். கடைசி வரியை நீங்களே அடிங்க."

"நானா? எதாவது ஆயிட்டா?"

"ஆச்சுன்னா நான் எதுக்கு இருக்கேன்?"

அவன் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் இரண்டு விரலால் அடித்தாள். எண்டர் தட்டினாள். சர்வரை விட்டு வெளியேறி, மறுபடி லாகின் செய்து எல்.எஸ். என்று அடித்தாள். நானூறு பெயர்கள் மஞ்சளும் நீலமுமாக, நடுநடுவே வெள்ளைக் கரையோடு, திரையில் இறங்கின. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கிருந்தே எல்லாம் படிக்க முடிந்தது.

ஸ்ரீராம் எட்டி நின்று பார்த்தான். இதுவரை ஒரே சேறாகத் தெரிந்த பட்டியலில் எத்தனை பாக்கி என்று முதல்முறையாக எக்ஸைத் தேடாமல் எண்ணினான். "பதினேழு" என்றான். ஜெபா எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் மூன்று நாள் முகவாட்டத்தின் காரணத்தைச் சொன்னான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் ரோஷினி. பூந்தமல்லியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தன் புடவையின் படத்தை அனுப்பி, அதே நிறத்தில் சட்டை எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். அவனும் எடுத்துப் படம் அனுப்பினான். அதிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. எது கேட்டாலும் 'ம்' தான்.

"படத்தைக் காட்டுங்க" என்றாள் வசந்தகுமாரி. புடவை இலைப்பச்சை. சட்டை நல்ல செங்கல் நிறம். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "மொதல்ல போனைப் போடுங்க தம்பி."

அவன் மொட்டைமாடிப் படிக்குப் போய்ப் பேசினான். படிக்கட்டில் எதிரொலி அதிகம். வேண்டாம் என்று நினைத்தாலும் இருவருக்கும் கேட்டது.

"ரோஷினி, உன் புடவை என்ன கலர்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. "பச்சைன்னு தெரியும், நீதான் சொன்னியே. நான் வாங்கின சட்டை பச்சைன்னு நினைச்சுத்தான் வாங்கினேன். அது பச்சை இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரியும். எனக்குப் பிறவியிலயே அந்த ரெண்டு கலரும் தெரியாதாம். ஆபீஸ்ல ஒரு அக்கா கண்டுபிடிச்சாங்க." ஜெபா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

திடீரென்று ஸ்ரீராம் சிரிக்கும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் சிரித்தான்.

திரும்பி வந்தபோது டிபன் பாக்ஸ் முன்னால் உட்காராமல் நின்றபடியே சொன்னான். "நான் வேணும்னே செஞ்சேன்னு நினைச்சாளாம். அவ பேச்சு என் காதுலயே ஏறலைன்னு அவங்கம்மாவும் ஏத்தி விட்டிருக்காங்க. கல்யாணமே வேணுமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தாளாம்க்கா. இப்போ சட்டையை மாத்தாதேங்கறா. உனக்கு நல்லாத் தெரியிற கலர் எதுன்னு கேட்டா. நீலம்னேன். அப்போ நான் புடவையை மாத்திக்கறேன், நீ என்னைப் பார்த்தா கலராத் தெரியணும், அப்படின்னா."

ஜெபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசந்தகுமாரி அவன் டிபன் பாக்ஸில் கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவலை வைத்து, "உக்காந்து சாப்டுங்க, ஆறிப்போவுது" என்றாள்.

மறுநாள் அவன் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தான். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம் ஒன்றைக் காட்டினார்களாம். முதல் பக்கத்து எண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். பிறவியில் வந்தது, மருந்து கிடையாது, பயமும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை, பாஸான மார்க் ஷீட் மாதிரி எல்லாரிடமும் நீட்டினான். நிச்சயதார்த்தத்துக்கு வசந்தகுமாரியும் ஜெபாவும் பூந்தமல்லி போய் வந்தார்கள். ரோஷினி கருநீலப் புடவையில் இருந்தாள். செங்கல் நிறச் சட்டையும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நன்றாகத்தான் இருந்தது. வசந்தகுமாரியின் கண்ணுக்கே குறை தெரியவில்லை.

அலுவலகத்தில் பேச்சு வழக்கே மாறிப்போயிற்று. "எத்தனை பச்சை ஆச்சு?" என்று கேட்டவர்கள் "எத்தனை ஆனந்தா ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் ஷிஃப்ட் வினோத் மட்டும் பழைய கலரே வேண்டும் என்று நான்கு நாள் முறுக்கிக்கொண்டான். ஐந்தாம் நாள், கண் எரிச்சல் இல்லை, இருக்கட்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ராதிகா வசந்தகுமாரியைக் கூப்பிட்டார். "நம்ம திருமழிசை யூனிட்லயும் இதே தலைவலிதானாம். ஸ்ரீராமுக்கு இன்னிக்கு சர்வர் வேலை இருக்கு. நீங்க போய்ச் செஞ்சிட்டு வர்றீங்களா?"

தனியாகவா என்று வசந்தகுமாரி கேட்டாள். நீங்கள்தானே செய்தீர்கள் என்றார் ராதிகா. ஸ்ரீராம் கட்டளைகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அவள் பூந்தமல்லியில் பஸ் மாறி, திருமழிசை தொழிற்பேட்டையில் இறங்கினாள். ஒரு ஷெட்டின் மாடி அறையில் ஒன்பது ஆண்கள் கறுப்புத் திரைகளின் முன் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உதயகுமார் என்று ஒருவர் அவர்களுக்குத் தலைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வாங்க மேடம். எங்க ஆரம்பிக்கணும்? சர்வர் பாஸ்வேர்டு தரவா?"

தன்னை மேடம் என்று ஒருவர் கூப்பிட்டதை அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பாஸ்வேர்டு அப்பறம் தாங்க. மொதல்ல எல்லாரும் எழுந்து இந்தத் திரை முன்னால வந்து நில்லுங்க" என்றாள். தாளைப் பார்த்துக் கட்டளையை அடித்தாள். இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்களும் விரிந்தன. "ஒவ்வொருத்தரா வந்து, எனக்குக் கிளிப்பச்சை எதுன்னு காட்டுங்க."

ஒன்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். முதல் ஐந்து பேர் சரியாகக் காட்டினார்கள். ஆறாவதாக வந்த உதயகுமார், கொஞ்சமும் தயங்காமல் ஆரஞ்சுக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உதயகுமார் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார்.

வசந்தகுமாரி பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சிரிக்காதீங்கப்பா. சார், நீங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க" என்றாள். "உங்க கண்ணுக்கு எது நல்லாத் தெரியுதோ, அதுலேந்து ஆரம்பிப்போம்."